எஃப்டி8 வானொலியே

எஃப்டி8 என்பது 2017-ஆம் ஆண்டின் நடுவில் அமெச்சூர் வானொலிக்கு வந்த டிஜிட்டல் முறை. அதை உருவாக்கியவர்கள் ஸ்டீவ் ஃபிராங்கே, ஜோ டெய்லர் என்ற இரண்டு அமெரிக்க ஹாம்கள், அதாவது அமெச்சூர் வானொலியாளர்கள். டெய்லர், இரட்டைப் பல்சாரைக் கண்டுபிடித்ததற்காக ரஸ்ஸல் ஹல்ஸுடன் 1993-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர். இரைச்சலுக்குள் புதைந்து கிடக்கும் சிக்னலைத் தோண்டியெடுப்பது அவருக்குத் தொழிலாகவே இருந்தது. எஃப்டி8-ஐ இயக்கும் மென்பொருள் வெளிவந்த சில மாதங்களுக்குள் சிற்றலைப் பேண்டுகளில் மிக அதிகமாகக் கேட்கும் ஒலி எஃப்டி8-இன் சீழ்க்கையாக மாறியது. அதே வேகத்தில் ஒரு தீர்ப்பும் பரவியது. கணினியும் கணினியும் பேசிக்கொள்கின்றன, மனிதர் வேடிக்கை பார்க்கிறார்; இதில் திறமை இல்லை, உரையாடல் இல்லை; பேண்டுகளை இது காலி செய்துவிட்டது; ஆபத்துக் காலத்தில் உதவாது; ஆகவே இது வானொலியே அல்ல. ஹாம் சங்கக் கூட்டங்களிலும், வான்வழிக் கூட்டங்களான நெட்டுகளிலும் அடிக்கடி கேட்கும் இந்தத் தீர்ப்பு, ஒன்றிரண்டு இடங்களில் உண்மையைத் தொட்டாலும், மொத்தத்தில் தவறானது.

எஃப்டி8-இல் நேரம் 15 விநாடித் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு துண்டில் ஒருவர் அனுப்புவார், அடுத்ததில் கேட்பார். அனுப்பும் செய்தி மொத்தம் 77 பிட். இரண்டு அழைப்புக்குறிகள், ஓர் இடக்குறியீடு அல்லது சிக்னல் மதிப்பு, செய்தியின் வகை ஆகியவை அதற்குள் அடங்கிவிடும். அத்துடன் 14 பிட் சரிபார்ப்பு எண் சேர்ந்து 91 ஆகிறது. பிழை திருத்துவதற்காக இன்னும் 83 பிட் சேர்ந்து 174 ஆகிறது. எட்டுத் தொனிகளில் ஒவ்வொன்றும் 3 பிட்டைச் சுமப்பதால் 58 தொனிகள் போதும். நேரத்தையும் அதிர்வெண்ணையும் பொருத்திக்கொள்ள மேலும் 21 தொனிகள். ஆக 79 தொனிகள், ஒவ்வொன்றுக்கும் 0.16 விநாடி வீதம் 12.64 விநாடி. இவை எல்லாம் 50 ஹெர்ட்ஸ் அகலத்துக்குள் அடங்குகின்றன.

இந்தக் கட்டமைப்பின் பாகங்கள் எங்கிருந்து வந்தவை என்பதும் கவனிக்கத்தக்கது. பிழை திருத்தும் குறியீடு, ராபர்ட் கேலகர் 1960-களின் தொடக்கத்தில் எம்ஐடி-யில் உருவாக்கிய வகையைச் சேர்ந்தது. அன்றைய கணினிகளால் அதை இயக்க முடியாததால் முப்பது ஆண்டுகள் கிட்டத்தட்ட மறக்கப்பட்டு, 1990-களில் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. பொருத்துவதற்கான 21 தொனிகளின் அடுக்கு ஜான் கோஸ்டாஸ் என்பவரின் பெயரைத் தாங்கியது. அவரே ஓர் அமெச்சூர். நெரிசலான ஹாம் பேண்டுகளில் எந்த முறை சிறந்தது என்ற கேள்வியை ஷானனின் தகவல் கோட்பாட்டைக் கொண்டு ஆராய்ந்து 1959-இலேயே ஆய்வுரை வெளியிட்டவர். வானொலிக்கு வெளியே இருந்து யாரோ கொண்டுவந்து திணித்த சரக்கு என்று எஃப்டி8-ஐப் பேசுவோர் இந்தப் பரம்பரையைப் பார்ப்பதில்லை.

எஃப்டி8-ஐப் புகழ்பவர்களும் பழிப்பவர்களும் சேர்ந்தே தவறாகப் புரிந்துகொண்ட ஓர் எண் உண்டு. சிக்னல் இரைச்சலைவிட 21 டெசிபெல் தாழ்ந்திருந்தாலும் எஃப்டி8 அதைப் படித்துவிடும் என்பார்கள். புகழ்பவர்களுக்கு இது அற்புதம். பழிப்பவர்களுக்கு இது மோசடி. இரைச்சலுக்குக் கீழே இருப்பதை எப்படி ஒருவர் பெற்றதாகச் சொல்லலாம் என்பது அவர்கள் கேள்வி. ஆனால் அந்த −21 என்பது 2500 ஹெர்ட்ஸ் அகலத்துக்குள் வரும் இரைச்சல் முழுவதையும் எடுத்துக்கொண்டு கணக்கிட்ட எண். எஃப்டி8 சிக்னல் உட்கார்ந்திருப்பதோ 50 ஹெர்ட்ஸில். அகலம் ஐம்பதில் ஒரு பங்காகக் குறையும்போது இரைச்சல் 17 டெசிபெல் இறங்குகிறது. ஆக, சிக்னல் தன் சொந்த இடத்தில் இரைச்சலைவிட 4 டெசிபெல்தான் தாழ்வாக இருக்கிறது. விநாடிக்கு ஆறு பிட் என்ற ஆமை வேகத்தையும் பிழை திருத்தத்தையும் கணக்கில் சேர்த்தால், ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் ஆற்றல் இரைச்சல் அடர்த்தியைவிட ஏறத்தாழ 5 டெசிபெல் மேலேயே இருக்கிறது. பிழையின்றிச் செய்தி கடத்தத் தேவையான குறைந்தபட்சமாக ஷானன் வகுத்த எல்லை இதற்கும் ஆறேழு டெசிபெல் கீழே கிடக்கிறது. இங்கே அற்புதமும் இல்லை, மோசடியும் இல்லை. வேகத்தை விட்டுக்கொடுத்து உணர்திறனை வாங்கியிருக்கிறார்கள்.

இதே அளவுகோலில் மோர்ஸைக் கேட்கும் தேர்ந்த காதின் எல்லை ஏறத்தாழ −15 டெசிபெல் என்பது வழக்கமான மதிப்பீடு. எஃப்டி8-க்கும் மோர்ஸுக்கும் இடைவெளி 6 டெசிபெல், அதாவது நான்கு மடங்கு திறன். 25 வாட் எஃப்டி8, 100 வாட் மோர்ஸுக்குச் சமம் என்று கொள்ளலாம். 100 வாட் நிலையத்தோடு ஒரு கிலோவாட் ஆம்ப்ளிஃபையரை இணைத்தால் கிடைப்பது 10 டெசிபெல். காசு கொடுத்து வாங்கிய 10 டெசிபெல் நிலையத்தின் பெருமை, கணிதத்தால் வந்த 6 டெசிபெல் ஏமாற்று வேலை என்ற நியாயம் விளங்கவில்லை.

கணினிகள் தமக்குள் பேசிக்கொள்கின்றன என்ற குற்றச்சாட்டுதான் மற்ற எல்லாவற்றுக்கும் வேர். இரண்டு கணினிகளுக்கு நடுவே எஃப்டி8-இல் இருப்பது இணையம் இல்லை, அயனி மண்டலம். அனுப்புமுனையில் ஆன்டெனா அறுந்து கிடந்தாலோ, பேண்டு திறக்காத நேரமாக இருந்தாலோ, எந்தக் கணினியாலும் ஒரு பிட்டைக்கூடக் கடத்த முடியாது. மின்காந்த அலை எழுவதும், எதிரொளிப்பதும், தேய்வதும், துருவ ஒளியில் சிதறுவதும் மார்க்கோனி காலத்தில் நடந்தது போலவே நடக்கின்றன. மாறியிருப்பது ஒரே ஒரு கட்டம்தான்: ரிசீவரிலிருந்து வெளிவரும் ஒலியை எழுத்தாக மாற்றும் வேலை. அந்த வேலையைக் காது செய்தால் வானொலி, நுண்செயலி செய்தால் வானொலி இல்லை என்று வரையறுக்க வேண்டுமானால், டெலிபிரிண்டர் முறையான ஆர்டிடிஒய்-யும் வானொலி ஆகாது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் உபரியாக வந்த இயந்திரங்களை ஹாம்கள் வாங்கி வீட்டில் வைத்து அடித்த காலத்திலிருந்தே அதன் சிக்னலைப் படித்தது இயந்திரம்தான். மனிதக் காது அல்ல. அதற்குப் போட்டிகள் நடக்கின்றன, விருதுகள் தரப்படுகின்றன. அதை வானொலியிலிருந்து தள்ளிவைக்க யாரும் கிளம்பவில்லை. 1950-களில் ஒற்றைப் பக்கப்பட்டைப் பேச்சு வந்தபோது, வாத்து கத்துவது போல் இருக்கிறது என்று ஏஎம் ஆபரேட்டர்கள் ஏளனம் செய்தார்கள். இன்று அந்த வாத்துக் குரல்தான் “உண்மையான வானொலி” என்று எஃப்டி8-க்கு எதிரே நிறுத்தப்படுகிறது.

இதைவிடக் கூர்மையான ஒரு மறுப்பு உண்டு. மென்பொருள் செய்தியைப் பெறவில்லை, ஊகிக்கிறது என்பது அது. இதற்கு வரலாறும் இருக்கிறது. நிலவில் அலையை மோதவைத்துத் திரும்பப் பெறும் தொடர்பில் 144 மெகாஹெர்ட்ஸில் ஏற்படும் இழப்பு ஏறத்தாழ 252 டெசிபெல். 1960-இல் அமெச்சூர்கள் முதல்முறை நிலவுத் தொடர்பைச் சாதித்தது முதல், ஆன்டெனாக் காடுகளும் பெருந்திறனும் உள்ளவர்களுக்கே நிலவுப் பாதை திறந்திருந்தது. டெய்லரின் ஜேடி65 முறை வந்த பின் ஒற்றை யாகி ஆன்டெனாவும் நூறு வாட்டுக்குச் சற்றே மேற்பட்ட திறனும் உள்ள நிலையங்கள், மறுமுனையில் பெரிய நிலையம் இருந்தால், நிலவு வழியே தொடர்புகொள்ளத் தொடங்கின. ஆனால் அந்த மென்பொருளில், முழுக் குறிவிலக்கம் தோற்றால் தெரிந்த அழைப்புக்குறிகளின் பட்டியலோடு சிக்னலை ஒப்பிட்டுப் பார்க்கும் ஆழ்தேடல் என்ற வசதி இருந்தது. பட்டியலில் இருந்த பெயரையே விடையாக எடுத்துவிட்டால் வான்வழி வந்தது என்ன என்று நிலவுத் தொடர்புக்காரர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

எஃப்டி8-இன் அடிப்படைக் குறிவிலக்கத்துக்கு அப்படிப்பட்ட பட்டியல் தேவையில்லை. 174 பிட்டும் பிழை திருத்தும் குறியீட்டின் சமன்பாடுகளை நிறைவேற்ற வேண்டும். அதன் பிறகு 14 பிட் சரிபார்ப்பு எண்ணும் ஒத்துவர வேண்டும். குருட்டுவாக்கில் அமையும் ஒரு விடை அந்த இரண்டாம் சோதனையைத் தாண்டும் வாய்ப்பு 16,384-இல் ஒன்று. முன்னறிந்த தகவலைப் பயன்படுத்தும் கூடுதல் கட்டமும் உண்டு. ஒருவர் அழைத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும்போது, வரும் செய்தி அவருடைய அழைப்புக்குறியில் தொடங்கும் என்ற எதிர்பார்ப்பை மென்பொருள் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. அப்படிக் கிடைத்த வரியைத் தனிக் குறியிட்டுக் காட்டுகிறது. நம்பிக்கை குறைவானால் கேள்விக்குறியும் போடுகிறது. மோர்ஸ் ஆபரேட்டர் செய்வதும் இதுவேதான். நெரிசலில் தன் அழைப்புக்குறியை அவர் மற்றவற்றைவிட எளிதாகப் பிடிப்பதற்குக் காரணம், அதை எதிர்பார்த்துக் காது காத்திருப்பது. பாதி கேட்ட எழுத்துகளிலிருந்து மீதியை நிரப்பிக்கொள்வது அங்கே அனுபவம் எனப் போற்றப்படுகிறது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: எந்த எழுத்தை ஊகித்தேன் என்று காது குறித்துவைப்பதில்லை.

திறமை தேவையில்லை என்போர் 14.074 மெகாஹெர்ட்ஸில் ஒரு மாலை கேட்டால் போதும். சவுண்ட் கார்டு அளவைக் கண்டபடி ஏற்றி, அளவு மீறுவதைக் காட்டும் ஏஎல்சி மீட்டர் துள்ள, தன் சிக்னலின் இரட்டைப் பிம்பங்களைப் பேண்டு முழுதும் தெளிக்கும் நிலையங்கள் நிறைய உண்டு. கடிகாரம் இரண்டு மூன்று விநாடி பிசகியதால் எவ்வளவு அழைத்தும் பதில் கிடைக்காதவர்கள் உண்டு. மறுமுனையில் எந்த இடம் காலியாக இருக்கும் என்று யோசிக்காமல், அழைத்தவர் மேலேயே ஏறி உட்காருபவர்கள் உண்டு. 12.64 விநாடி முழுத்திறனில் ஓடும் முறை என்பதை மறந்து டிரான்ஸ்ஸீவரின் இறுதிக் கட்டத்தை எரித்துக்கொள்பவர்களும் உண்டு. திறமை தேவையில்லாத முறையில் இத்தனை பேர் இத்தனை விதமாகத் தவறு செய்ய முடியாது. தேவைப்படும் திறமை இடம் மாறியிருக்கிறது. மோர்ஸைக் கையால் அடித்துக் காதால் எழுதும் ஆற்றல் அழகானது. ஆண்டுக்கணக்கில் பயின்றவருக்கு அது இங்கே செல்லாக்காசாவது வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வருத்தம் ஒரு வாதமாகாது.

உரையாடல் இல்லை என்ற குறை உண்மை. அழைப்பு, இடக்குறியீட்டோடு பதில், சிக்னல் மதிப்பு, மறுமதிப்பு, ஒப்புகை, வணக்கம்: ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். சென்னையின் இடக்குறியீடு என்கே03, கொழும்பினது எம்ஜே96. இவ்வளவுதான் ஒருவரைப் பற்றி மற்றவர் அறிவது. வீட்டில் மழை பெய்கிறதா, ஆன்டெனா எந்த மரத்தில் தொங்குகிறது என்ற விசாரிப்புகளுக்கு இடமில்லை. ஆனால் இந்தக் குறையை எஃப்டி8-இன் கணக்கில் மட்டும் எழுதுவது முறையாகாது. அரிய தீவொன்றிலிருந்து ஒலிபரப்பும் குழுவோடு குரலில் பேசுபவர் பரிமாறிக்கொள்வது அழைப்புக்குறியும் “ஐம்பத்தொன்பது” என்ற எண்ணும் மட்டுமே. போட்டிகளிலும் அப்படித்தான். சிக்னல் காதில் விழாமல் மூன்று முறை திரும்பச் சொல்லச் சொன்னவரும் கடைசியில் தருவது உச்ச மதிப்பான ஐம்பத்தொன்பதையே. எஃப்டி8 தரும் −17 என்ற மதிப்பு, பார்க்க வறட்சியாக இருந்தாலும், உண்மையில் அளக்கப்பட்டது. 2018-இல் பசிபிக்கின் பேக்கர் தீவுக்குச் சென்ற குழு, ஒரே நேரத்தில் பலருக்குப் பதில் தரும் எஃப்டி8-இன் சிறப்பு வடிவத்தைப் பயன்படுத்தியது. கிலோவாட் கூச்சலில் குரல் அமுங்கிப்போகும் சிறிய நிலையங்களுக்கும் அங்கே ஒரு வழி கிடைத்தது. பேச விரும்புகிறவர் பேசும் முறைக்குப் போவதை எஃப்டி8 தடுக்கவில்லை.

பேண்டைக் காலி செய்தது எஃப்டி8 என்பதற்கு எளிய கணக்கே பதில். 20 மீட்டர் பேண்டு 14.000 முதல் 14.350 மெகாஹெர்ட்ஸ் வரை, 350 கிலோஹெர்ட்ஸ் அகலம். உலகத்தின் எஃப்டி8 கூட்டம் அதில் 14.074-க்கு மேல் சுமார் 3 கிலோஹெர்ட்ஸில், குரல் உரையாடல் ஒன்றே அடைத்துக்கொள்ளும் இடத்தில், டஜன்கணக்கான தொடர்புகளாக நெருங்கி உட்கார்ந்திருக்கிறது. நூற்றில் ஒரு பங்கு இடத்தை எடுத்துக்கொண்டவர் மீதியைப் பறித்துவிட்டார் என்று சொல்ல முடியாது. மீதி காலியாக இருந்தால், அங்கே போய் அழைக்காதவர்களையும் கேட்க வேண்டும். எஃப்டி8 வந்த 2017-இல் சூரியன் தன் 24-ஆம் சுழற்சியின் சரிவில் இருந்தது. 2019 டிசம்பரில் அடிமட்டத்தைத் தொட்டது. உயர் பேண்டுகள் நாள்முழுதும் செத்துக் கிடந்த அந்த ஆண்டுகளில், சரிவில் தாக்குப்பிடித்த முறைக்கு மக்கள் போனதில் வியப்பில்லை. பின்னர் 25-ஆம் சுழற்சி உச்சத்தை எட்டியும் எஃப்டி8-இன் செல்வாக்கு குறையாததால் சூரியன் முழுக் காரணம் ஆகாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மீதிக் காரணம் வீடுகளிலேயே இருக்கிறது: எல்இடி விளக்கு, மொபைல் சார்ஜர், சோலார் இன்வெர்ட்டர் என ஒவ்வொன்றும் இரைச்சலைக் கக்குகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் மொட்டை மாடி பொதுச் சொத்து. பால்கனியில் கட்டிய கம்பிதான் ஆன்டெனா. அப்படிப்பட்டவருக்குக் குரல் முறை ஏறத்தாழ மூடிய கதவு. 50 மெகாஹெர்ட்ஸில் மட்டும் புகாருக்குப் பொருளுண்டு. அங்கே எல்லோரும் 50.313-இல் குந்திவிட்டதால், பேண்டு வலுவாகத் திறந்து குரலிலேயே சரளமாகப் பேசக்கூடிய நேரங்களும் வீணாகின்றன. அது ஆபரேட்டர்களின் சோம்பல். முறையின் குறை அல்ல.

ஆபத்துக் காலத்துக்கு உதவாது என்ற வாதத்துக்கு வலு சேர்ப்பது 2004 டிசம்பர் 26. பாரதி பிரசாத் தலைமையில் அந்தமானுக்குச் சென்றிருந்த இந்திய அமெச்சூர் குழு, சுனாமிக்குப் பின் போர்ட் பிளேரிலிருந்து குரல் வழியே செய்திகளைக் கடத்தியது. இலங்கையிலும் ஹாம்கள் அதே பணியைச் செய்தார்கள். உறவினரின் நலம், தேவைப்படும் மருந்து, உடைந்த பாலம் ஆகியவற்றை 13 எழுத்துக்கு மேல் இடமில்லாத எஃப்டி8 வரியில் அனுப்ப முடியாது. இது முழு உண்மை. உருவாக்கியவர்கள் அதற்காக இதைச் செய்ததாகச் சொல்லவும் இல்லை. நிலவுத் தொடர்பும் போட்டிகளும்கூடப் பேரிடரில் உதவா. அந்தக் காரணத்துக்காக அவற்றை யாரும் ஒதுக்கவில்லை. எஃப்டி8-இன் எலும்புக்கூட்டை எடுத்து விரும்பிய வாசகத்தைத் தட்டச்சு செய்து அனுப்பவும், வேறொரு நிலையம் வழியே கடத்தவும் வசதியாக மாற்றிய ஜேஎஸ்8 என்ற முறை 2018-இலேயே வந்துவிட்டது. அதோடு, தினமும் இயங்கும் நிலையம்தான் பேரிடர் நாளில் உயிரோடு இருக்கும் நிலையம். எந்த மணியில் எந்தப் பேண்டு எந்தத் திசைக்குத் திறக்கும் என்பதைத் தன் ஆன்டெனாவோடு சேர்த்து அறிந்தவர், குரல் மைக்கை எடுக்கும்போதும் அதே அறிவைத்தான் பயன்படுத்துவார்.

மூடிய பெட்டி, பரிசோதனைக்கு இடமில்லை என்ற பேச்சும் உண்டு. எஃப்டி8-இன் முழு விளக்கமும் 2020-இல் க்யூஇஎக்ஸ் இதழில் வெளியானது. மூலநிரல் திறந்தே கிடக்கிறது. டெய்லரின் மற்றொரு முறையான டபிள்யூஎஸ்பிஆர் 2008-இல் வந்தது. இரண்டு நிமிடத்தில் 50 பிட் மட்டும், 6 ஹெர்ட்ஸ் அகலத்தில். அழைப்புக்குறி, இடம், திறன் தவிர வேறெதுவும் சொல்லாத இந்தக் கலங்கரை விளக்கச் சிக்னலை மைக்ரோகன்ட்ரோலரும் ஒரு சிறிய அலையாக்கிச் சில்லும் கொண்டு வீட்டு மேசையில் கட்டிவிடலாம். சில மில்லிவாட் திறனோடு அதைச் சிறு பலூனில் கட்டிவிட்டு உலகைச் சுற்றவைப்பவர்கள் இருக்கிறார்கள். 2017 ஆகஸ்ட் 21 சூரிய கிரகணத்தின்போது அமெரிக்க அயனி மண்டலம் எப்படி நடந்துகொண்டது என்பதை அமெச்சூர் நிலையங்களின் தானியங்கிப் பதிவுகளைக் கொண்டு ஹாம்சை என்ற அமெச்சூர் அறிவியல் குழுவினர் ஆராய்ந்து அறிவியல் இதழில் வெளியிட்டார்கள். ஆதரவாளர்கள் வரம்பு மீறிய இடமும் இங்கே ஒன்று உண்டு. 2014-இல் மறைந்த மலேசிய விமானம் எம்ஹெச்370-இன் பாதையைப் பழைய டபிள்யூஎஸ்பிஆர் பதிவுகளிலிருந்து கண்டுவிடலாம் என்ற கூற்று பரபரப்பாக உலவியது. டெய்லரே அதை ஏற்கவில்லை. பல்லாயிரம் கிலோமீட்டர் கடந்து வரும் மெல்லிய சிக்னலில் அயனி மண்டலத்தின் இயல்பான ஏற்ற இறக்கத்துக்குள் ஒரு விமானத்தின் எதிரொலியைப் பிரித்தெடுக்க அந்தப் பதிவுகளில் தகவல் இல்லை.

எஞ்சியிருப்பது ரோபோக்கள். ஆள் தூங்கும்போது அழைத்து, பதில் தந்து, பதிவேட்டில் எழுதி, காலையில் எண்ணிக்கை காட்டும் நிலையங்கள் உண்டு என்பதை மறுக்க இயலாது. மூல மென்பொருள் இதற்கு வழிவிடவில்லை. ஒவ்வொரு தொடர்பையும் ஆபரேட்டரே தொடங்கிவைக்க வேண்டும் என்பதும், ஆளின் கை படாமல் சில நிமிடம் ஓடினால் ஒலிபரப்பு தானே நின்றுவிட வேண்டும் என்பதும் அதில் வேண்டுமென்றே வைத்த கட்டுப்பாடுகள். அவற்றை நீக்கிய மாற்று வடிவங்களைப் பிறர் உண்டாக்கினார்கள். அமெரிக்க அமெச்சூர் சங்கமான ஏஆர்ஆர்எல், பல நாடுகளோடு தொடர்புகொண்டவர்களுக்கு வழங்கும் டிஎக்ஸ்சிசி விருதின் விதி, இருமுனையிலும் ஆபரேட்டர் அந்த நேரத்தில் நேரடியாகத் தொடங்கிய தொடர்பையே ஏற்கிறது. பின்னணியில் ஓடும் ஸ்கிரிப்டால் அந்த விதியை மீறுவோரைப் பிடிப்பது கடினம்தான். உரிமம் அனுமதிக்கும் திறனைத் தாண்டிக் குரலில் முழங்கும் நிலையங்களைப் பிடிப்பதும் அதே அளவு கடினம். அவற்றுக்காக ஒற்றைப் பக்கப்பட்டையை வானொலி அல்ல என்று யாரும் அறிவித்ததில்லை.